மேல்நோக்கி ஓடும் வாய்க்கால்

கடைமடைக்கு ஏன் தண்ணீர் போய்ச் சேர்வதில்லை? 1970-களின் பிற்பகுதியில் இந்தக் கேள்வியோடு ஆந்திரத்துக் கால்வாய்ப் பாசனப் பகுதிகளைச் சுற்றிவந்தவர் ராபர்ட் வேட். நியூசிலாந்துக்காரர். மதகு, முறைப்பாசனம், பராமரிப்பு நிதி என்று அவர் குறித்துக்கொண்டு வந்த பட்டியலில் ஒரு கணக்கு மட்டும் நேராகவில்லை. அணை இருக்கிறது, கால்வாய் இருக்கிறது, ஆண்டுதோறும் தூர்வாரப் பணம் வருகிறது, படித்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் தலைமடையில் வயல் மூழ்குகிறது, கடைமடையில் பயிர் கருகுகிறது. விவசாயிகளோடும் ஒப்பந்தக்காரர்களோடும் பொறியாளர்களோடும் பேசப் பேச, எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுதிவைக்காத இன்னொரு வாய்க்கால் அவருக்குப் புலப்பட்டது. தண்ணீர் கீழ்நோக்கி ஓடியது. பணம் மேல்நோக்கி ஓடியது.

1982-ல் வளர்ச்சி ஆய்வுகளுக்கான ஓர் ஆங்கில இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை, தென்னிந்தியக் கால்வாய்ப் பாசனத்தில் ஊழல் என்பது தனிமனித ஒழுக்கக்கேடு என்ற பேச்சையே ஒதுக்கிவைத்தது. அவர் அதை ஓர் அமைப்பு என்றார். பொறியாளருக்கு வரும்படி இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, ஒப்பந்தப் பணிகள். ஒவ்வொரு பணியின் மதிப்பிலும் செயற்பொறியாளருக்கு 2.5 சதவீதம், எழுத்தர்களுக்கும் வரைவாளர்களுக்கும் 1 சதவீதம், கீழ்நிலைப் பொறியாளர்களுக்கு 5 சதவீதம் என்று வழக்கமாகிப்போன விகிதம் இருந்தது. இது போக, செய்யாத வேலைக்குப் பட்டியல் போட்டு, அந்த மிச்சத்தை ஒப்பந்தக்காரரும் அலுவலரும் பங்கு பிரித்துக்கொள்வதும் உண்டு. பராமரிப்புப் பணத்தில் கால் பங்கிலிருந்து பாதிவரை இப்படிக் கரைந்தது என்பது வேட்டின் மதிப்பீடு. இரண்டாவது வழி, தண்ணீரே. வர வேண்டிய நாளில் தண்ணீர் வரும் என்று விவசாயிக்கு உறுதியாகத் தெரிந்தால் அவர் ஏன் பணம் கொடுக்கப்போகிறார்? ஆகவே அந்த உறுதியைக் குலைப்பதில் துறைக்கு ஒரு லாபம் இருந்தது. திறமைக்குறைவு போல வெளியே தெரிந்தது உள்ளே வருமானமாக இருந்தது.

இத்தோடு நின்றிருந்தால் அது இன்னொரு லஞ்சக் கதை. பொறியாளர் ஏன் இப்படி வசூலிக்க வேண்டியிருந்தது என்று வேட் அடுத்த படிக்குப் போனார். அந்த இடத்துக்கு அவர் விலை கொடுத்து வந்திருந்தார். பாசனப் பரப்பு, பயிர், ஒப்பந்த நிதி ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு விலை. ஏறத்தாழ இரண்டாண்டுப் பதவிக்காலத்துக்கு ஆண்டுச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. அது மேலதிகாரிக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், அமைச்சருக்கும் போனது. அங்கிருந்து ஒரு பகுதி தேர்தல் செலவாக ஊருக்குள் திரும்பி வந்தது. கொடுக்க மறுத்தவருக்கு என்ன நேரும்? நம் அரசு அலுவலகங்களில் புழங்கும் மிரட்டல் ஒன்று உண்டு: தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன். பாசனத் துறையில் அது உவமை கூட இல்லை.

'பசையுள்ள இடம்' என்ற சொல் தெரியாத தமிழ் வாசகர் யார்? வேட் சொன்னதில் புதிது என்ன என்று கேட்கலாம். புதிது இதுதான்: பொதுச் சேவைகளில் பொறுப்புடைமை இல்லை என்று நாம் சலித்துக்கொள்கிறோம். வேட் வரைந்த படத்தில் பொறியாளர் மிகக் கறாராகக் கணக்குச் சொல்கிறார், தவணை தவறாமல். அந்தக் கணக்கைக் கேட்பவர் மட்டும் விவசாயி இல்லை. கடந்த நாற்பதாண்டுகளில் ஊழலுக்கு எதிராக ஆய்வாளர்களும் அரசுகளும் இயக்கங்களும் முன்வைத்த மருந்துகளை மதிப்பிட இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேட்கலாம்: இது வந்த பிறகு அலுவலர் யாரைக் கண்டு பயப்படுகிறார்?

இங்கே வேட் சொன்ன இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1988-ல் வந்த அவருடைய நூல், ஆந்திரத்தின் மேட்டுநிலப் பகுதியில் கால்வாயின் கடைசியில் கிடந்த கிராமங்கள் தாங்களாகவே கூடி, பொதுநிதி திரட்டி, நீர் பாய்ச்சவும் பயிர்க் காவலுக்கும் ஆள் வைத்து நடத்திய ஏற்பாட்டை வியந்து விவரித்தது. உலகமெங்கும் பொதுவள மேலாண்மைக்கு உதாரணமாக மேற்கோள் காட்டப்படும் நூல். அந்தப் பொதுநிதியில் ஒரு செலவினம், பாசன அலுவலர்களுக்குக் கொடுக்கும் லஞ்சம். ஊரே கூடி, கணக்கெழுதி, தண்ணீருக்காகக் கொடுத்தது. மக்கள் ஒன்றுதிரண்டால் ஊழல் ஒழியும் என்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வேட்டின் நூல் வந்த அதே ஆண்டு, ராபர்ட் கிளிட்கார்டு என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஊழலை ஒரு சூத்திரத்தில் அடக்கினார்: ஏகபோகமும் விருப்புரிமையும் கூட்டல், பொறுப்புடைமை கழித்தல். ஒரு சேவையை ஒருவர் மட்டுமே தர முடியும், யாருக்குத் தருவது என்று அவரே முடிவெடுக்கலாம், எவரும் அவரைக் கேட்க முடியாது என்றால் அங்கே லஞ்சம் முளைக்கும். பட்டா மாறுதலுக்கு நடந்தவர்கள் இதைச் சூத்திரம் இல்லாமலே அறிவார்கள். பயிற்சி வகுப்புகளில் கரும்பலகையில் எழுதத் தோதான வரி என்பதால் உலகம் சுற்றியது. ஆனால் அதில் பொறுப்புடைமை ஒரே எண்; கூடும் அல்லது குறையும். திசை கிடையாது. வேட்டின் பொறியாளரை இந்தச் சூத்திரத்தில் போட்டால் விடை வராது.

திசையைப் பற்றி யோசித்தவர் சாமுவேல் பால். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக 1970-களில் இருந்தவர், பிறகு உலக வங்கிக்குப் போனவர். அங்கே இருந்தபோது 1991-ல் பொதுச் சேவைகளின் பொறுப்புடைமை குறித்து ஓர் ஆய்வுரை எழுதினார். அதன் வேர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மனின் 1970-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருக்கிறது. ஹிர்ஷ்மன் நைஜீரியாவில் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருந்தார். வடக்கே விளைந்த நிலக்கடலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் இருந்தும், நூற்றுக்கணக்கான மைல் லாரியில் போனது. போட்டி வந்தால் ரயில்வே திருந்தும் என்பது பாடநூல். நடந்தது வேறு. உரக்கச் சத்தம் போடக்கூடிய பெரிய வாடிக்கையாளர்கள் லாரிக்குப் போய்விட்டதால், ரயில்வேயைத் திட்ட ஆளில்லாமல் போனது. வெளியேற வழியிருந்தால் குரல் அடங்கிவிடும்.

நம் நகரங்களில் இது எப்படி நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வராததற்கு மாநகராட்சியை முற்றுகையிட்டிருக்கக்கூடிய நடுத்தர வர்க்கம் ஆழ்துளைக் கிணறு போட்டது, பிறகு கேன் தண்ணீருக்கு மாறியது. பள்ளி, மருத்துவமனை, மின்சாரம் என்று ஒவ்வொன்றாக வெளியேறியது. மிஞ்சியவர்கள், சத்தம் போட்டாலும் கேட்கப்படாதவர்கள். பாலின் கேள்வி இதுதான்: வெளியேற முடியாத சேவையில் குரலுக்கு எப்படி வலுவூட்டுவது?

விடையைப் பெங்களூரில் 1993-ல் முயன்றார். நகரத்தின் நடுத்தரக் குடும்பங்களிலும் குடிசைப் பகுதிகளிலுமாக ஏறத்தாழ 1,100 வீடுகளில், சோப்பு விற்கும் கம்பெனி செய்வதுபோல ஒரு சந்தை ஆய்வு. எந்த அலுவலகத்துக்குப் போனீர்கள், எத்தனை முறை, காரியம் முடிந்ததா, மரியாதையாகப் பேசினார்களா, பணம் கேட்டார்களா. அலுவலகங்களுக்கு மதிப்பெண் போட்டு, பள்ளிக்கூட முன்னேற்ற அறிக்கை மாதிரி வெளியிட்டார். மொத்தத்தில் முழுத் திருப்தி என்றவர்கள் 9 சதவீதம். நகர வளர்ச்சி ஆணையத்துக்குக் கிடைத்தது 1 சதவீதம். அதே ஆணையத்தில் வேலையாகப் போனவர்களில் மூன்றில் ஒருவர் பணம் கொடுத்திருந்தார். நாளிதழ்கள் இதை விடாமல் எழுதின. அடுத்த ஆண்டு பால் தொடங்கிய பொது விவகார மையம் 1999-லும் 2003-லும் இதே தேர்வை மறுபடியும் நடத்தியது.

இந்த ஆய்வின் அழகு அதன் சாதாரணத்தன்மையில் இருக்கிறது. ஊழல் பற்றிய உலகத் தரவரிசைகள், குறிப்பாக 1995 முதல் டிரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் வெளியிட்டுவருவது, ஒரு நாட்டைப் பற்றி வல்லுநர்களும் தொழிலதிபர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதன் தொகுப்பு. அதில் இந்தியாவின் இடம் இரண்டு படி ஏறினாலோ இறங்கினாலோ யாரும் எந்த அலுவலகத்திலும் எந்த மேசையையும் மாற்றிப்போட முடியாது. பாலின் அட்டை, இந்த அலுவலகம், இந்தச் சேவை, இத்தனை பேர், இத்தனை ரூபாய் என்றது. கடைசி இடத்தில் நின்ற வளர்ச்சி ஆணையமே பிறகு மையத்தைக் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று பேசியது.

ஆனால் முடிவுகள் நேர்கோட்டில் வரவில்லை. 1999-ல் திருப்தி கொஞ்சம் உயர்ந்திருந்தது. பல அலுவலகங்களில் லஞ்சமும் உயர்ந்திருந்தது. இந்த இரண்டும் ஒன்றாக ஏறக்கூடும் என்பது முதலில் புரியாது. கொஞ்சம் யோசித்தால், பணம் கொடுத்துக் காரியம் சீக்கிரம் முடிந்தவரும் திருப்தியானவரே. 2003-ல்தான் திருப்தி தெளிவாக ஏறி, லஞ்சம் இறங்கியது. இடையில் நடந்தது, முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணா 1999-ல் நந்தன் நிலேகனி தலைமையில் அமைத்த நகரச் செயற்குழு. அலுவலகத் தலைவர்கள் முதல்வர் முன்னிலையில் பொதுமேடையில் நின்று முன்னேற்றம் சொல்ல வேண்டியிருந்தது. மதிப்பெண் அட்டை தன்னால் எதையும் செய்யவில்லை; மேலே இருந்தவர் அதைக் கையில் எடுத்தபோது வேலை செய்தது. உரைகல்லில் உரசினால் இது பாலுக்குக் கிடைத்த பாதி வெற்றி. குடிமகனின் குரல் அலுவலரைச் சேர்ந்தது, முதல்வர் வழியாகச் சுற்றி.

அட்டை மாதிரிக்கு இன்னொரு பயணமும் உண்டு. உகாண்டாவில் 50 ஆரம்ப சுகாதார நிலையங்களைச் சுற்றி ஊர்மக்களுக்கு இப்படியொரு மதிப்பெண் அட்டையைக் கொடுத்து, ஊழியர்களோடு உட்காரவைத்துப் பேசச்செய்தபோது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2009-ல் ஓர் ஆய்வு சொன்னது. உலகமே கொண்டாடியது. அதே நாட்டில் 376 நிலையங்களில் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. இந்தத் துறையில் ஒற்றை ஆய்வை நம்பி மேடையேறுவது எப்போதும் ஆபத்து. உகாண்டாவின் பள்ளி மானியக் கதையும் அப்படித்தான்: 1990-களின் தொடக்கத்தில் பள்ளிகளுக்கு மத்திய அரசு ஒதுக்கியதில் 13 சதவீதம் மட்டுமே போய்ச்சேர்ந்தது, நாளிதழ்களில் தொகையை அச்சிட்ட பிறகு 80 சதவீதத்தைத் தாண்டியது என்பார்கள். எண்கள் சரி, ஆனால் அதே ஆண்டுகளில் நிதி நிர்வாகத்தையே அங்கே மாற்றியமைத்திருந்தார்கள் என்பதைப் பிற்கால விமர்சகர்கள்தான் நினைவூட்டினார்கள்.

இனி டெல்லிக்கு வருவோம். ஊழல் ஆய்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது ஓட்டுநர் உரிமம் பற்றிய அந்தச் சோதனை. மரியான் பெர்ட்ரான், சிமியோன் ஜான்கோவ், ரேமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய நால்வரும் 2007-ல் வெளியிட்டது. உரிமம் எடுக்க வந்த 822 பேரை மூன்று குழுக்களாக, சீட்டுக்குலுக்கல் போல, பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, சீக்கிரம் உரிமம் வாங்கினால் 2,000 ரூபாய் பரிசு. இன்னொரு குழுவுக்கு இலவசமாக ஓட்டப் பயிற்சி. மூன்றாம் குழுவுக்கு எதுவுமில்லை. பிறகு எல்லோரையும் அழைத்து உண்மையிலேயே வண்டி ஓட்டத் தெரியுமா என்று தாங்களே சோதித்தார்கள்.

உரிமம் வாங்கியவர்களில் பத்துக்கு ஏழு பேர் அரசுத் தேர்வையே எழுதவில்லை. பத்துக்கு ஆறு பேருக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை. 450 ரூபாய் கட்டண உரிமத்துக்குச் சராசரியாக அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் செலவாகியிருந்தது. பரிசு கிடைக்கும் என்ற அவசரக் குழுவில் உரிமம் வாங்கியவர்கள் அதிகம். ஓட்டத் தெரியாமல் வாங்கியவர்களும் அதிகம். நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்ட குழுவுக்கு அந்தத் திறமையால் பெரிய பயன் இல்லை. இதில் அநேகமாக எவரும் அதிகாரி கையில் பணம் கொடுக்கவில்லை என்பதுதான் நுட்பம். எல்லாம் ஏஜென்ட் வழியாக. நேரே போனவரைக் காரணமில்லாமல் தேர்வில் தோற்கடிப்பது. அதுதான் ஏஜென்டிடம் போகச்சொல்லும் சைகை. முகவரிச் சான்று இல்லாத ஆளுக்கு ஏஜென்டாலும் எளிதில் முடியவில்லை. எந்த விதி அதிகாரியின் விருப்பத்தில் இருந்ததோ அது மட்டும் விலைக்கு வந்தது, எது காகிதத்தில் சரிபார்க்கக்கூடியதோ அது எளிதில் விலைக்கு வரவில்லை.

எந்தத் தாலுகா அலுவலகத்துக்கும் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். மனு எழுதித்தருவார்கள், ஸ்டாம்ப் விற்பார்கள், உள்ளே எந்த மேசையில் பைல் நிற்கிறது என்று சொல்வார்கள். சாலையைக் கடந்து வருவதற்குள் லஞ்சம் 'சர்வீஸ் சார்ஜ்' ஆகிவிடுகிறது. தமிழில் அதற்குப் பழைய சொல்லே இருக்கிறது: மாமூல். வழக்கமானது என்று பொருள். மழை வெள்ளத்தால் மாமூல் வாழ்க்கை பாதிப்பு என்று எழுதும் செய்தித்தாள், அடுத்த பத்தியில் கடைக்காரரிடம் மாமூல் கேட்டவர் கைது என்று எழுதும். இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று மொழி எப்போதோ முடிவெடுத்துவிட்டது.

இந்த டெல்லி ஆய்வோடு தொடங்கிய காலத்தில், ஊழலை அளப்பது ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்தது. பெஞ்சமின் ஓல்கன் இந்தோனேசியாவின் ஜாவாவில் 608 கிராமச் சாலைகளைத் தோண்டி, எவ்வளவு கல்லும் மணலும் உள்ளே போயிருக்கின்றன என்று எடை போட்டார். தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்னறிவித்த ஊர்களில் காணாமல்போன தொகை 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. ஊர்க்கூட்டத்துக்கு ஆள் சேர்த்ததில் சொல்லும்படியான பயன் இல்லை. கூடவே ஒரு வேடிக்கை, தணிக்கை வந்த ஊர்களில் திட்டப் பொறுப்பாளர்களின் உறவினர்களுக்கு வேலை கிடைப்பது கூடியது. ஒடிசாவில் 2007-ல் ஊரக வேலைத் திட்டக் கூலியை 55-லிருந்து 70 ரூபாயாக உயர்த்தியபோது, கணக்கில் கூடிய பணம் தொழிலாளியின் கைக்கு வரவே இல்லை என்று பால் நீஹாஸும் சந்தீப் சுக்தாங்கரும் காட்டினார்கள். ஒரு துளையை அடைத்தால் நீர் அடுத்த துளையைத் தேடும்.

உதய்ப்பூர்க் கதை இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்க வேண்டியவை. சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தின் ஓராசிரியர் பள்ளிகளில், தேதி பதியும் கேமராவைக் கொடுத்து, தினமும் காலையிலும் மாலையிலும் மாணவர்களோடு ஆசிரியரைப் படம் எடுக்கச்செய்து, வந்த நாளுக்கே சம்பளம் என்றார்கள். வராத நாட்கள் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகப் பாதியாயின. இதே யோசனையை அரசுத் துணை சுகாதார நிலையச் செவிலியருக்கு, நேரம் பதியும் இயந்திரத்தோடு கொண்டுபோனார்கள். முதல் ஆறு மாதம் நன்றாக நடந்தது. பதினாறாவது மாதத்தில் திட்டம் இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வேறுபாடு இல்லை. இயந்திரம் மட்டும் காரணமில்லை. வராத நாட்களை 'விலக்கு நாள்' என்று துறை அதிகாரிகளே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். தொண்டு நிறுவனத்தில் சம்பளம் போடுபவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒருவர். அரசுத் துறையில் செவிலியர் அஞ்சியது இயந்திரத்துக்கு இல்லை, மேலதிகாரிக்கு. மேலதிகாரிக்கோ அந்த இயந்திரத்தில் எந்த அக்கறையும் இல்லை.

ஆந்திரத்தின் ஸ்மார்ட் கார்டு சோதனை இதைவிடப் பெரிது. 157 மண்டலங்களில், விரல்ரேகை வைத்து வேலைத் திட்டக் கூலியையும் ஓய்வூதியத்தையும் வழங்கியபோது பணம் சீக்கிரம் வந்தது, ஒழுகல் குறைந்தது. இவ்வளவு தெளிவான வெற்றியை அரசு கைவிடும் விளிம்புக்குப் போனது. ஏனென்றால் மேலே போன தகவலெல்லாம் வருமானம் இழந்த கீழ்நிலை ஊழியர்களின் புகார்கள். பயனாளிகளில் மிகப் பெரும்பாலோர் புதிய முறையையே விரும்பினார்கள் என்று ஆய்வாளர்களின் கணக்கெடுப்பு காட்டியது. அந்தக் குரல் தானாக ஐதராபாத் வரை எழும்பியிருக்காது. ஆய்வாளர்களில் ஒருவரான கார்த்திக் முரளிதரன் இந்த நிகழ்வைத் தம் குழுவின் கட்டுரையில் ஒரு சிறு பகுதியாகவே எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால் ஒழுகல் எவ்வளவு குறைந்தது என்பதைவிட அந்தப் பகுதி முக்கியம்.

ஆய்வாளர்களின் கருவிகளுக்கு வெளியே, ராஜஸ்தானில் வேறொரு வழி பிறந்தது. 1990-ல் தேவ்துங்ரியை மையமாக வைத்து அருணா ராயும் நிகில் டேயும் சங்கர் சிங்கும் தோழர்களும் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. செய்தது எளிமை: வேலைப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். கூலி வாங்கியதாகப் பெயர் இருந்தவர் கூட்டத்திலிருந்து எழுந்து, வாங்கவில்லை என்றார். 1996-ல் பேவாரில் 40 நாள் தர்ணா. 2005-ல் நாடு முழுமைக்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1997-ல், தமிழ்நாடு முந்திக்கொண்டு ஒரு தகவல் சட்டம் போட்டது. விலக்குகள் நிறைந்த அந்தச் சட்டத்தால் கிடைத்த தகவலைவிட முதல் மாநிலம் என்ற பெயரே பெரிது.

தகவல் உரிமைச் சட்டம் வேலை செய்கிறதா? லியோனிட் பெய்சாக்கினும் பால் பின்டோவும் டெல்லிக் குடிசைவாசிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ரேஷன் அட்டைக்கு விண்ணப்பித்தவர்களில் சிலர் சும்மா காத்திருந்தார்கள். சிலர் தொண்டு நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம் இணைத்தார்கள். சிலர் தங்கள் விண்ணப்பம் என்ன ஆனது என்று தகவல் உரிமை மனு போட்டார்கள். சிலர் லஞ்சம் கொடுத்தார்கள். லஞ்சம் முதலிடம். தகவல் உரிமை மனு அதற்கு நெருக்கமான இரண்டாமிடம். சும்மா இருந்தவர்களும் கடிதம் வைத்தவர்களும் வெகு பின்னால். பத்து ரூபாய் மனு லஞ்சத்தோடு போட்டி போட்டது சின்ன சாதனை இல்லை. காரணமும் நம் உரைகல்லில் தெளிவாகத் தெரிகிறது: தகவல் தராத அலுவலருக்கு அந்தச் சட்டம் அவர் பெயரிலேயே, அவர் சம்பளத்திலிருந்தே அபராதம் போடுகிறது. மேலதிகாரியோ சட்டமன்ற உறுப்பினரோ அதைக் கட்டப்போவதில்லை.

ஆந்திரம் இந்த மக்கள் விசாரணையை 2006 முதல் சமூகத் தணிக்கையாக அரசு அமைப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. வேட் நடந்த அதே நிலம். ஃபர்சானா அஃப்ரிதியும் வேகார்ட் இவர்சனும் பல சுற்றுத் தணிக்கை அறிக்கைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். சுற்றுகள் கூடக் கூட முறைகேடு மொத்தத்தில் குறையவில்லை; கண்டுபிடிக்க எளிதான கூலித் திருட்டிலிருந்து, கண்டுபிடிக்கச் சிரமமான கட்டுமானப் பொருள் கணக்குக்கு இடம் மாறியது. கண்டுபிடித்த பிறகும் தண்டனை அரிது.

தண்டனை என்றதும் சட்டம் நினைவுக்கு வரும். இந்தப் பக்கம் வரலாறு நீளம், பலன் குட்டை. கே. சந்தானம் தலைமையிலான குழு 1962-ல் அமைந்து 1964-ல் அறிக்கை தந்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அதன் குழந்தை. 1988-ல் ஊழல் தடுப்புச் சட்டம். 2011-ல் நிதியமைச்சகத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு ஒரு குண்டைப் போட்டார். உரிமையாகக் கிடைக்க வேண்டியதற்கு மிரட்டி வாங்கும் லஞ்சத்தில், கொடுப்பவரைக் குற்றவாளியாக்கக் கூடாது. அப்போதுதான் கொடுத்தவர் பிறகு காட்டிக்கொடுப்பார், வாங்குபவர் பயப்படுவார் என்றார். லஞ்சத்தைச் சட்டப்பூர்வமாக்கச் சொல்கிறார் என்று திட்டு விழுந்தது. 2018-ல் வந்த திருத்தம் நேரெதிர்த் திசையில் போனது: கொடுப்பதும் குற்றம், கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தாலொழிய. பிணவறையில் உடலுக்காகக் காத்திருக்கும்போது பணம் கொடுத்தவர் ஏழு நாளைக்குள் எந்தக் காவல் நிலையத்துக்குப் போவார் என்று திருத்தம் எழுதியவர்கள் யோசித்திருக்கலாம். அதே திருத்தம், அலுவலரின் முடிவுகள் குறித்து விசாரணை தொடங்கவே அரசின் முன்னனுமதி வேண்டும் என்றும் சொன்னது.

ஆக, கேமரா, தணிக்கை, மதிப்பெண் அட்டை, விரல்ரேகை, சட்டம் எல்லாம் கடைநிலை அலுவலரையே குறிவைக்கின்றன. காரணம் எளிது: அவரைத்தான் அளக்க முடியும். வேட் காட்டிய நடு இணைப்பு, மாறுதல் சந்தை, அளவுகோலுக்கு வெளியே நிற்கிறது. அதைத் தொட்ட ஆய்வுகள் கொஞ்சம்தான். லட்சுமி ஐயரும் ஆனந்தி மணியும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் பணிப் பதிவுகளை எடுத்து, ஒரு பதவியில் அவர்கள் சராசரியாக இருந்தது 16 மாதம்தான் என்றும், முதல்வர் மாறினால் மாறுதல்கள் கூடுகின்றன என்றும் 2012-ல் காட்டினார்கள். திறமையால் மேலேறும் வழியோடு, அரசியல்வாதிக்கு விசுவாசத்தால் நல்ல இடம் பிடிக்கும் வழியும் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. விலை பற்றி அவர்கள் பேசவில்லை.

விலை பற்றிப் பேசியவர் ஜெஃப்ரி வீவர். பெயர் சொல்லாத ஒரு வளரும் நாட்டில், சுகாதாரக் களப்பணி மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார். வேலை கிடைத்தவர்கள் கொடுத்த லஞ்சம் சராசரியாக 17 மாதச் சம்பளம். ஆனால் அப்படி வந்தவர்கள் மோசமானவர்களாக இல்லை. தகுதியை மட்டும் பார்த்திருந்தாலும் பெரும்பாலும் அவர்களே தேர்வாகியிருப்பார்கள் என்கிற அளவுக்கு இருந்தார்கள். ஏனென்றால் அங்கே பணம் கட்ட முடிந்தவர்களே நன்றாகப் படித்தவர்களாகவும் இருந்தார்கள். எனக்கு இந்த முடிவை ஏற்பதில் கசப்பு உண்டு, ஆனால் மறுக்கத் தரவு இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: வீவர் அளந்தது வேலைக்கு வந்த ஆளின் தரத்தை. வேட் கவனித்தது வந்த ஆள் போட்ட முதலை எடுக்க அடுத்த இரண்டாண்டில் கால்வாயை என்ன செய்கிறார் என்பதை. ஒரே ஆள் நல்ல பொறியாளராகவும் தண்ணீரை நிச்சயமற்றதாக்குபவராகவும் இருக்கலாம்.

2013 அக்டோபரில், முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற பல அதிகாரிகளும் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், மாறுதல்களைப் பரிந்துரைக்கக் குடிமைப்பணி வாரியங்கள் வேண்டும், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஐ.ஏ.எஸ். விதிகளில் இரண்டாண்டு என்று சேர்த்தார்கள். இரண்டாண்டு முடியுமுன் மாற்றினால் காரணம் எழுத வேண்டும். நடைமுறையில் பல மாநிலங்களில் வாரியம் கூடுவதும் அரசு நினைத்ததை வாரியம் பரிந்துரைப்பதும் ஒரே மதியத்தில் முடிந்துவிடுகிற காரியம். ஆனாலும் வேட் சுட்டிய இடத்தில் கை வைத்த முதல் பெரிய முயற்சி அது.

அந்த விதி, மதகின் ஷட்டரைத் திருப்பும் லஸ்கர் வரை வராது. அவருக்கு மேலே உள்ள உதவிப் பொறியாளருக்கும் செயற்பொறியாளருக்கும் வராது. சார்பதிவாளருக்கும், சர்வேயருக்கும், வி.ஏ.ஓ.வுக்கும் வராது. அவர்களுடைய மாறுதல் உத்தரவில் காரணம் மூன்றே சொற்களில் இருக்கும்: நிர்வாக நலன் கருதி. ஒரே ஒரு பாசனக் கோட்டத்தின் பத்தாண்டு மாறுதல் உத்தரவுகளைத் தேதிவாரியாக அடுக்கி, பக்கத்தில் அணை திறந்த நாட்களையும் தூர்வாரும் ஒப்பந்தங்கள் முடிவான நாட்களையும் தேர்தல் நாட்களையும் எழுதிப் பார்க்கலாம். எல்லாமே அரசுக் காகிதங்கள். பத்து ரூபாய் மனுவில் கேட்கக்கூடியவை.